மேட்டூர் நீர்வரத்து பார் சார்ட்: வெள்ளம் வந்த நாட்களில் மட்டும் பட்டை காணவில்லை, மழை டேபில் படம் மங்கல்

கோரையாறு

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்றுக்காக ஓடும் சின்ன இணையப் பக்கம். இரண்டு டேப். முதல் டேபில் மேட்டூர் அணையின் தினசரி நீர்வரத்து, நாளுக்கு ஒரு பட்டை, கன அடியில். இரண்டாவதில் அன்றைய மழையளவு, ஊருக்கு ஒரு பட்டை, மில்லிமீட்டரில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட மழைமானி நிலையங்கள் எல்லாம் சேர்ந்து 30-க்கு மேல் வரும். படம் வரைவது சார்ட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், 4-ஆம் பதிப்பு. தரவு எக்செல்லிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகி உள்ளே வருகிறது.

கோளாறுகள் இவை. 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தேர்ந்தெடுத்தால் 40 ஆயிரம், 70 ஆயிரம் கன அடி வந்த நாட்களுக்குப் பட்டை ஒழுங்காக வருகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டிய நாட்களில் வெறும் இடைவெளி. கன்சோலில் பிழை எதுவும் இல்லை. பக்கத்துக்கு வருகிறவர்கள் தேடுவதே அந்த நாட்களைத்தான்.

மழை டேபைத் திறந்தால் படம் இழுத்து விட்டதுபோல மங்கலாக, எழுத்தெல்லாம் பெருத்துத் தெரிகிறது. முதல் டேப் துல்லியமாக இருக்கிறது. மழைப் படத்தில் ஊர்ப் பெயர்கள் ஒன்று விட்டு ஒன்றுதான் வருகின்றன. நீளமான பெயரை இரண்டு வரியாக மடிக்க எட்டு எழுத்துக்கு வெட்டும் ஒரு வரி நிரலில் இருக்கிறது. அது பட்டுக்கோட்டையை 'பட்டுக்க' என்று ஒரு வரியிலும், புள்ளி வட்டத்தோடு 'ோட்டை' என்று அடுத்த வரியிலும் காட்டுகிறது.

கடைசியாக ஒன்று. மேட்டூர் படத்தில் தேதி எல்லாம் ஒரு நாள் பின்தங்கி நிற்கிறது. மழை டேபின் தேதி மட்டும் சரியாக இருக்கிறது.

நிரலில் உள்ளது: காற்புள்ளியை ரிப்ளேஸ் மூலம் எடுத்துவிட்டு நம்பர் ஆக்குகிறார்கள். தேதியை டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கிறார்கள். ஆப்ஷனில் ரெஸ்பான்சிவ் (பெட்டியின் அளவுக்கேற்பப் படம் தானே மாறுவது) ஃபால்ஸ். படம் வரையப்படும் பரப்பான கேன்வாஸின் டேகிலேயே அகலம் 100% என்று ஸ்டைல் இருக்கிறது. படத்தின் தலைப்பும் கீழ்க்குறிப்பும் கேன்வாஸும் ஒரே டிவ்வுக்குள், அதாவது ஒரே ஹெச்டிஎம்எல் பெட்டிக்குள், இருக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது?

பாபநாசம் பையன்

முதலில் லட்சத்தைப் பார்ப்போம். மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோளாறு. இது தரவையே விழுங்குகிற கோளாறு.

ஜாவாஸ்கிரிப்டில் ரிப்ளேஸுக்கு வெறும் காற்புள்ளியை ஒரு சரமாக (எழுத்துத் தொடராக) கொடுத்தால் முதல் காற்புள்ளியை மட்டும்தான் எடுக்கும். 70,000-ல் இருப்பது ஒரே காற்புள்ளி, அதனால் 70000 ஆகிவிடுகிறது. நம் முறையில் எழுதிய 1,25,000-ல் இரண்டு. ஒன்று போய் மிச்சம் 125,000 என்று நிற்கும். அதை நம்பர் ஆக்கினால் கிடைப்பது என்ஏஎன், அதாவது 'எண் அல்ல'. சார்ட்.ஜேஎஸ் அந்த மதிப்பைக் கண்டால் பிழை சொல்லாது, பட்டையை வரையாமல் பேசாமல் அடுத்த நாளுக்குப் போய்விடும். கன்சோல் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். 99,999 வரை ஓடும் நிரல் 1,00,000-ல் படுத்துவிடும். கோடை முழுக்கச் சோதித்தாலும் இது மாட்டாது.

திருத்தம் சின்னது. ரிப்ளேஸ்-ஆல் போடுங்கள், அல்லது ரெகெக்ஸில் குளோபல் ஃபிளாக் சேருங்கள். பார்ஸ்ஃப்ளோட் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது முதல் காற்புள்ளியிலேயே நின்றுவிடும்: 1,25,000 என்பது 1 ஆகும், 70,000 என்பது 70 ஆகும். பட்டை இல்லாமல் போனாலாவது ஆள் கேட்பார்கள். தப்பான உயரத்தில் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதே வரியில் இன்னொரு பொறி இருக்கிறது. வெற்றுச் சரத்தை நம்பர் ஆக்கினால் 0 வரும். அறிக்கை வராத நாளில் சிஎஸ்வியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் படம் 'நீர்வரத்து பூஜ்யம்' என்று சொல்லும். சிலர் காலியாக விடாமல் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். அது என்ஏஎன் ஆகும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: மதிப்பின் இரு பக்க இடைவெளியை நீக்கு, காலி அல்லது கோடு என்றால் நல் (null, 'மதிப்பு இல்லை') திருப்பு, இல்லையேல் எல்லாக் காற்புள்ளியையும் எடு, நம்பர் ஆக்கு, அது என்ஏஎன் என்றால் அந்த வரியின் தேதியோடு கன்சோலில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு நல் திருப்பு. நல்லுக்கும் பட்டை வராதுதான், ஆனால் காரணம் கன்சோலில் இருக்கும்.

இன்னும் மேலே போய் அடைக்கலாம். எக்செல்லிலிருந்து சிஎஸ்வி ஆக்கும்போது கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் வடிவம்தான் வெளியே வரும், காற்புள்ளி உட்பட. ஏற்றுமதிக்கு முன் எக்செல்லில் அந்த நெடுவரிசையின் வடிவத்தை ஜெனரல் ஆக்கினால் காற்புள்ளியே வராது. ஷீட்ஜேஎஸ் கொண்டு நேரே எக்செல்லைப் படிக்கிறவர்கள் ரா ஆப்ஷனை ட்ரூவாகவே விடுங்கள். ஃபால்ஸ் ஆக்கினால் வடிவமைத்த சரம்தான் வரும்.

காட்டும்போது காற்புள்ளி வேண்டுமே என்றால் அது வேறு வேலை. ஆப்ஷன்களில் லோக்கேல் என்று ஒன்று உண்டு. அதற்குத் தமிழ்-இந்தியா குறியீட்டைக் கொடுத்தால் அச்சிலும், பட்டையைத் தொட்டால் வரும் டூல்டிப்பிலும் 1,25,000 என்றே எழுதும். கொடுக்காவிட்டால் பிரவுசரின் மொழி அமைப்பைப் பொறுத்து 125,000 என்றும் வரலாம். படிக்கிறவருக்கு அது ஒரு நொடித் தடுமாற்றம்.

அரசலாறு

தேதிக்கும் மங்கலுக்கும் நான் சொல்கிறேன்.

டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஜூலை 30 நள்ளிரவு 00:00 என்று ஒரு தேதிப் பொருள் இருந்தால், அது யுடிசியில் ஜூலை 29 மாலை 18:30. முதல் பத்து எழுத்தை வெட்டினால் 29 கிடைக்கும். மழைத் தேதி ஏன் சரியாக வருகிறது என்றால், மழை காலை 8:30-க்கு அளக்கப்படுகிறது; நேரத்தோடு பதிவாகியிருக்கும். 8:30 யுடிசியில் அதே நாள் 03:00, நாள் மாறாது. மேட்டூர் தரவில் தேதி மட்டும் இருப்பதால் நள்ளிரவாகி மாட்டிக்கொள்கிறது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து நீங்களே சரமாக ஒட்டுங்கள். மாத எண் 0-லிருந்து தொடங்கும் என்பதால் 1 கூட்ட மறக்க வேண்டாம்.

தலைகீழாகவும் ஒரு வழுக்கல் உண்டு. 2024-07-30 என்று நேரமில்லாமல் கொடுத்து தேதி ஆக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும், நம் கடிகாரத்தில் காலை 5:30. 30-07-2024 என்று நாளை முன்னால் எழுதிக் கொடுத்தால் இன்னும் மோசம். குரோமில் 12-ஆம் தேதி வரை நாளும் மாதமும் இடம் மாறும், 13 முதல் தேதியே செல்லாது என்று வரும். மாதத்தின் பிற்பாதி மட்டும் காணாமல் போனால் இதைச் சந்தேகியுங்கள்.

இனி மங்கல். ரெஸ்பான்சிவை யாரோ ஃபால்ஸ் ஆக்கியிருக்கிறார்கள். ஏன் ஆக்கினார்கள் என்பதும் உங்கள் விவரத்திலேயே இருக்கிறது: தலைப்பு, குறிப்பு, கேன்வாஸ் மூன்றும் ஒரே டிவ்வில். உயர விகிதத்தைக் காக்கும் மெயின்டெய்ன்-ஆஸ்பெக்ட்-ரேஷியோவை அணைத்தால் சார்ட்.ஜேஎஸ் தன் தாய்ப் பெட்டியின் உயரத்தை அளந்து அதற்குக் கேன்வாஸை நீட்டும். பெட்டிக்குச் சொந்த உயரம் இல்லையென்றால் அதன் உயரம் கேன்வாஸும் தலைப்பும் குறிப்பும் சேர்ந்தது. அளந்ததும் கேன்வாஸ் அவ்வளவுக்கு வளரும், பெட்டி இன்னும் வளரும், மறுபடி அளக்கும். படம் தானாகக் கீழே கீழே நீண்டுகொண்டே போகும். அதை நிறுத்த ரெஸ்பான்சிவை அணைத்திருப்பார்கள். நீளுவது நின்றது, மங்கல் வந்தது.

மங்கல் எப்படி என்றால், மழை டேப் மறைந்திருக்கும்போதே படம் வரையப்படுகிறது. டிஸ்பிளே நன் ஆக இருக்கும் கேன்வாஸுக்கு பிக்சலில் அளவு கிடையாது; ஆகவே ஹெச்டிஎம்எல் தரும் இயல்பு அளவான 300 × 150-ல் வரைந்துவிடும். டேபைத் திறந்ததும் அகலம் 100% ஸ்டைல் அந்தக் குட்டிப் படத்தை 900 பிக்சலுக்கு இழுக்கும். முதல் டேப் தொடக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிவதால் சரியான அளவு கிடைத்துவிடுகிறது.

செய்ய வேண்டியது: கேன்வாஸுக்கென்று ஒரு தனி டிவ். அதற்குள் கேன்வாஸ் தவிர ஒன்றும் வேண்டாம். அந்த டிவ்வுக்கு பொசிஷன் ரிலேட்டிவ், உயரம் 320 பிக்சல் என்று உறுதியாக. கேன்வாஸ் டேகில் இருக்கும் ஸ்டைல், அகலம், உயரம் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ரெஸ்பான்சிவ் ட்ரூ, மெயின்டெய்ன்-ஆஸ்பெக்ட்-ரேஷியோ ஃபால்ஸ். 3-ஆம் பதிப்பிலிருந்து பெட்டி கண்ணுக்குத் தெரிய வந்ததும் அது தானே அளந்து மறுபடி வரைந்துகொள்ளும். 2-ஆம் பதிப்பில் ஓடும் பழைய பக்கம் என்றால் டேப் திறக்கும் இடத்தில் ரீசைஸை நீங்கள் கூப்பிடுங்கள்.

செல்போனைப் படுக்கையாகத் திருப்பி மறுபடி நிமிர்த்தும்போது படம் பெரிதாகிறது, சின்னதாகவே மாட்டேன் என்கிறது என்றால், அந்த டிவ் ஒரு ஃபிளெக்ஸ் அல்லது கிரிட் அடுக்கின் பிள்ளையாக இருக்கும். ஃபிளெக்ஸ் பிள்ளை தன் உள்ளடக்கத்தைவிடக் குறுகாது. மின்-விட்த் 0 என்று ஒரு வரி போதும்.

கடைமடைக்காரன்

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். ஆட்டோஸ்கிப் என்ற ஆப்ஷன் இயல்பாக ட்ரூ. இடம் போதாவிட்டால் லேபிள்களை விட்டு விட்டுக் காட்டும். தேதி அச்சில் அது நல்லதே. 5, 10, 15 என்று இருந்தால் நடுவில் உள்ளதை ஊகிக்கலாம். மன்னார்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் இருக்கும் பட்டை எந்த ஊர் என்று யாரும் ஊகிக்க முடியாது. டிக்ஸ் பகுதியில் ஆட்டோஸ்கிப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

ஆனால் அதோடு முடியாது. 30 ஊர், செல்போனில் படப் பரப்பு சுமார் 300 பிக்சல், ஆளுக்கு 10 பிக்சல். பெயர்கள் செங்குத்தாகச் சாய்ந்துகொள்ளும், 'திருத்துறைப்பூண்டி' நின்றால் படத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைத் தின்றுவிடும். இவ்வளவு ஊருக்கு நிற்கும் பட்டையே பொருந்தாது என்பது என் கட்சி. இண்டெக்ஸ்-ஆக்சிஸை ஒய் என்று மாற்றினால் பட்டைகள் படுத்துக்கொள்ளும், பெயர்கள் இடப்பக்கம் நேராக வாசிக்கக் கிடைக்கும். உயரத்தை ஊருக்கு 26 பிக்சல் என்று பெருக்கி, அச்சுக்கு 60 சேர்த்து, அரசலாறு சார் சொன்ன டிவ்வுக்கு நிரலிலிருந்தே கொடுங்கள். 30 ஊருக்கு 840. விரலால் தள்ளிப் பார்க்கிற பக்கத்தில் நீளம் ஒரு குறை இல்லை. மழை அதிகம் பெய்த ஊர் மேலே வரும்படி வரிசைப்படுத்தினால் நல்லது. மாவட்டவாரியாக அடுக்குவது அதிகாரிகளுக்குத்தான் வசதி.

நிற்கும் பட்டைதான் வேண்டும் என்றால் மாவட்டத்துக்கு ஒரு படமாகப் பிரியுங்கள். லேபிளை எட்டு எழுத்துக்கு வெட்டாதீர்கள். கணினி எண்ணும் எட்டு வேறு, நாம் எண்ணும் எட்டு வேறு. 'பட்டுக்கோட்டை' யூனிகோடில் 13 குறிகள். எட்டாவது குறி 'க', ஒன்பதாவது அதன் மேல் ஏற வேண்டிய ஓகாரக் குறி. நடுவில் வெட்டியதால் ஓகாரக் குறிக்கு ஆதாரமான மெய் இல்லாமல் புள்ளி வட்டம் வந்தது. பிரவுசரில் உள்ள இன்ட்ல்.செக்மென்டரை (Intl.Segmenter) கிராஃபீம் முறையில், அதாவது நாம் எண்ணும் எழுத்துவாரியாக, வைத்தால் ப, ட், டு, க், கோ, ட், டை என்று ஏழாகப் பிரித்துத் தரும். ஃபயர்பாக்ஸில் அது 125-ஆம் பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. இருந்தாலும் இயந்திரம் பிரித்தால் 'பட்டுக்கோட்' ஒரு வரி, 'டை' ஒரு வரி என்று முடியும். ஊர்கள் 30-தானே, கையாலேயே பிரித்து வைத்துவிடலாம். லேபிளுக்குச் சரத்துக்குப் பதில் ஒரு அணியை (மதிப்புகளின் பட்டியலை) கொடுத்தால் சார்ட்.ஜேஎஸ் ஒவ்வொரு உறுப்பையும் ஒரு வரியாக எழுதும்: 'பட்டுக்', 'கோட்டை'. 'திருத்துறைப்', 'பூண்டி'.

எழுத்துரு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதில்தான் வந்து நிற்பீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒரு வெப்ஃபான்ட் வைத்திருந்தால், அது இறங்கி வருவதற்குள் படம் வரையப்பட்டுவிடும். மற்ற எழுத்தெல்லாம் பிறகு தானே மாறிக்கொள்ளும். கேன்வாஸில் ஒருமுறை வரைந்தது வரைந்ததுதான். வேறு எழுத்துருவின் அகலத்தை வைத்து இடம் ஒதுக்கியிருக்கும். பிறகு டூல்டிப் காட்ட மறுபடி வரையும்போது சரியான எழுத்துரு வந்து பெயரின் ஓரம் வெட்டுப்படும். முதல் தடவை திறந்தால் கோணல், ரீலோடு செய்தால் சரி என்று யாராவது சொன்னால் இதுதான்.

டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி போட்டால் போதும் என்பார்கள். பக்கத்தில் வேறெங்கும் அந்த எழுத்துரு பயன்படாவிட்டால் அது இறங்கவே தொடங்கியிருக்காது, ரெடி உடனே 'ஆச்சு' என்று சொல்லிவிடும். டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட் கூப்பிடுங்கள், அதற்கு இரண்டாவது மதிப்பாக ஒரு தமிழ்ச் சொல்லையும் கொடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸ் தரும் கோப்புகள் யூனிகோட்-ரேஞ்ச் வாரியாகத் துண்டுபட்டவை. இரண்டாவது மதிப்பு இல்லாவிட்டால் வெற்றிடம் ஒன்றை வைத்துப் பார்த்து, அது உள்ள லத்தீன் துண்டை மட்டும் இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்றுவிடும். 'தஞ்சாவூர்' என்று கொடுத்தால் தமிழ்த் துண்டு இறங்கும். அது இறங்கி முடிந்த பிறகு சார்ட்டை உருவாக்குங்கள்.

கோரையாறு

மூவருக்கும் நன்றி. லட்ச நாட்கள் வந்துவிட்டன, தேதி சரியாகிவிட்டது, மழைப் படத்தைப் படுக்கையாக்கி உயரத்தை நிரலிலிருந்து கொடுத்தாயிற்று, துல்லியமாக இருக்கிறது.

தேதியைத் தொட்டதோடு மேட்டூர் படத்தின் கீழ் அச்சை டைம் வகைக்கு மாற்றினேன், விடுபட்ட நாள் இடைவெளியாகத் தெரியட்டும் என்று. இப்போது எல்லாப் பட்டையும் நூல் போல மெலிந்துவிட்டது. ஆகஸ்ட்டைச் சேர்க்காமல் ஜூன் மட்டும் பார்த்தால் பருமன் சரியாக இருக்கிறது. பார்-பெர்சன்டேஜை 1 ஆக்கியும் பெரிதாக மாற்றமில்லை.

இன்னொன்று: குழுவில் அணையின் நீர்மட்டத்தையும், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கிலும் திறக்கும் அளவையும் அதே படத்தில் பட்டையாகக் கேட்கிறார்கள்.

பாபநாசம் பையன்

ஜூலை, ஆகஸ்ட் தரவில் ஒரே நாளுக்கு இரண்டு பதிவு இருக்கிறதா பாருங்கள். வெள்ளக் காலத்தில் காலை 8 மணி அளவோடு மாலை 4 மணி அளவையும் யாராவது சேர்த்திருப்பார்கள்.

டைம் அச்சில் பட்டையின் பருமனை சார்ட்.ஜேஎஸ் எப்படி முடிவு செய்கிறது என்றால், மொத்தத் தரவிலும் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள மிகக் குறைந்த இடைவெளி எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். எல்லாப் பட்டைக்கும் அதே அளவுகோல். எங்கோ ஒரு நாள் 8 மணி நேர இடைவெளியில் இரண்டு பதிவு இருந்தால் 24-க்குப் பதில் 8, பருமன் மூன்றில் ஒன்று. செல்போன் கணக்கு: இரண்டு மாதம், 62 நாள், 300 பிக்சல், நாளுக்கு 4.8. இயல்பாக கேட்டகரி-பெர்சன்டேஜ் 0.8, பார்-பெர்சன்டேஜ் 0.9, இரண்டையும் பெருக்கினால் 3.5 பிக்சல் பட்டை. அதில் மூன்றில் ஒன்று என்றால் ஒரு பிக்சல் சொச்சம். பார்-பெர்சன்டேஜை 1 ஆக்கினால் அந்த ஒரு பிக்சலில் சுமார் பதினோரு சதவீதம் கூடும், அவ்வளவே. மடை அடைத்துக் கிடக்கும்போது வாய்க்காலைத் தூர்வாரிப் பயனில்லை. ஒரு பதிவு 8:00, இன்னொன்று 8:05 என்று இருந்தால் இதைவிடவும் கேவலமாக இருக்கும். அச்சின் டிக் இடைவெளியும் இந்தக் கணக்கில் சேரும், ஆகவே டைம் பகுதியில் யூனிட் 'நாள்' என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

நாளுக்கு ஒரு பதிவு மட்டும் வைத்து நேரத்தை நள்ளிரவுக்குத் தள்ளினால் சரியாகிவிடும். எந்தப் பதிவை வைப்பது என்பதை ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள், காலை 8 மணி என்றால் எப்போதும் காலை 8 மணி. சில நாள் காலை, சில நாள் உச்சம் என்று கலந்தால் படம் பொய் சொல்லும்.

என்னைக் கேட்டால் நாளுக்கு ஒரு பட்டைக்கு டைம் அச்சே தேவையில்லை. கேட்டகரி அச்சையே வைத்து, தொடக்க நாளிலிருந்து கடைசி நாள் வரை எல்லாத் தேதியையும் நிரலில் உருவாக்கி, தரவு இல்லாத நாளுக்கு நல் வையுங்கள். விடுபட்ட நாள் இடைவெளியாகவே தெரியும். தேதி அடாப்டர் என்று கூடுதல் கோப்பு ஒன்றும் மிச்சம்.

மாதத்தை மாற்றும்போது ஒவ்வொரு முறையும் புது சார்ட் உருவாக்கினால் 'கேன்வாஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழை வரும். லேபிளையும் டேட்டாவையும் மாற்றி அப்டேட் கூப்பிடுங்கள். இல்லையேல் பழையதை டெஸ்ட்ராய் செய்த பிறகு புதியது.

அரசலாறு

நீர்மட்டத்தைப் பட்டையாகப் போடாதீர்கள். பட்டை என்றால் பார்க்கிறவர் அதன் நீளத்தை அளவாக எடுத்துக்கொள்வார். மேட்டூரில் 120 அடி என்றால் 93.47 டி.எம்.சி. 100 அடி என்றால் சுமார் 65 டி.எம்.சி.தான். உயரத்தில் 83 சதவீதம், தண்ணீரில் ஏறக்குறைய 70. அணை மேலே போகப் போக அகலும் என்பதால் மேல் அடிகளில்தான் தண்ணீர் அதிகம். அடியைப் பட்டையாகப் போட்டால் கையிருப்பு இருப்பதைவிட அதிகம் என்று தோன்றும், கடைமடைக்காரர் அதை நம்பி நாற்று விட்டால் சிக்கல். பட்டையாகத்தான் வேண்டும் என்றால் இருப்பை டி.எம்.சி.யில் போடுங்கள். மட்டத்தைக் கோடாக, வலப்பக்கத் தனி அச்சில், 0 முதல் 120 வரை. வலப்பக்க அச்சின் கிரிட் கோடுகளைப் படப் பரப்பில் வரையாமல் அணைத்துவிடுங்கள், இரண்டு கிரிட் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் எதுவும் வாசிக்க முடியாது. கோடு பட்டைக்குப் பின்னால் ஒளிந்தால் ஆர்டர் ஆப்ஷனில் கோட்டுக்கு 1, பட்டைக்கு 2. எண் சிறியது மேலே வரும்.

மட்டத்தின் ஏற்ற இறக்கம் தெரியவில்லை என்று அச்சை 100-லிருந்து தொடங்கச் சொல்வார்கள். கோட்டுக்கு அது பரவாயில்லை. பட்டைக்குக் கூடவே கூடாது, 110 அடி 105-ஐப் போல இரு மடங்கு உயரமாக நிற்கும். 3-ஆம் பதிப்பிலிருந்து பார் சார்ட்டுக்கு பிகின்-அட்-ஜீரோ தானாகவே ட்ரூ. 2-ஆம் பதிப்பில் அப்படியில்லை, அங்கே மிகச் சிறிய பட்டை அச்சோடு ஒட்டிக் காணாமல் போகும். பழைய பதிப்புக்காக அச்சுகளை அணியாக எழுதிய ஆப்ஷன்களை இணையத்திலிருந்து ஒட்டினால் 4-ல் வேலை செய்யாது, 'செல்லாத அச்சு அமைப்பு' என்று கன்சோல் சொல்லும்.

கல்லணைக்குத் தனிப் படம் வையுங்கள். காவிரி, வெண்ணாறு, கால்வாய் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் டெல்டாவுக்குள் போன மொத்தம் ஒரே பட்டையில் தெரியும். ஸ்டாக்டு ட்ரூ என்பதை இரண்டு அச்சிலும் கொடுக்க வேண்டும். நெடுக்கு அச்சில் மட்டும் கொடுத்தால் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றபடி ஒன்றைவிட ஒன்று மேலே எழும்பி அந்தரத்தில் தொங்கும்.

கொள்ளிடத்தை அதில் சேர்க்காதீர்கள். அது உபரி நீர். வெள்ளத்தில் லட்சத்தைத் தொடும். 260 பிக்சல் உயரப் பரப்பில் 1,00,000 முழு உயரம் என்றால் கால்வாயின் 2,000 கன அடிக்கு 5 பிக்சல்தான் கிடைக்கும். லாக் அச்சு போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதில் பூஜ்யம் கிடையாது, மூடிய மதகைக் காட்ட வழியில்லை. பட்டை நீளத்துக்கும் அர்த்தம் போய்விடும். கொள்ளிடம் தனிப் படம்.

கடைமடைக்காரன்

சிறு பட்டைகளுக்காக மின்-பார்-லெங்த் 2 பிக்சல் போடுகிறவர்கள் கவனிக்க: 0 மதிப்புக்கும் அந்தக் கோடு வந்துவிடும். மழைப் படத்தில் 'மழை இல்லை' என்பதற்கும் தூறலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அதற்குப் பதில் பட்டை முனையில் எண்ணை எழுதுங்கள், டேட்டாலேபிள்ஸ் பிளகின் செய்யும். அதிக மழை பெய்த ஊரின் எண் படத்தின் ஓரத்தில் வெட்டுப்படும்; மதிப்பு அச்சில் கிரேஸ் 10% கொடுத்தால் இடம் கிடைக்கும்.

எப்படியும் இந்தப் படம் வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் போகும். டு-பேஸ்64-இமேஜ் மூலம் ஜேபெக் ஆக எடுத்தால் பின்னணி கறுப்பாக, எழுத்து தெரியாமல் வரும். கேன்வாஸ் ஒளிபுகும் பரப்பு. சிஎஸ்எஸ்ஸில் கொடுத்த வெள்ளைப் பின்னணி படக் கோப்புக்குள் போகாது. பிஃபோர்-ட்ரா கொக்கியில் வெள்ளை நிரப்பும் ஒரு குட்டி பிளகின் எழுதுங்கள். கலப்பு முறையை டெஸ்டினேஷன்-ஓவர் என்று வைத்து, கேன்வாஸின் முழு அகல உயரத்துக்கும் ஒரு செவ்வகம், பிறகு கலப்பு முறையை மீட்டெடுத்தல், ஐந்தாறு வரிதான். அனிமேஷன் முடிவதற்குள் படம் எடுத்தால் பட்டைகள் பாதி உயரத்தில் பதிவாகும், அதனால் பகிரும் பொத்தான் உள்ள பக்கத்தில் அனிமேஷனை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

அச்சடித்துப் பலகையில் ஒட்டுகிறார்கள் என்றால், பிஃபோர்-பிரின்ட் நிகழ்வில் ரீசைஸுக்கு அகலம் 600, உயரம் 400 என்று எண்ணைக் கொடுத்துக் கூப்பிடுங்கள். ஆஃப்டர்-பிரின்டில் எண் இல்லாமல் வெறும் ரீசைஸ், பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மழைப் படத்துக்கு மட்டும் உயரம் அந்த 840-ஆகவே இருக்கட்டும், 400-ல் அடைத்தால் ஊர்ப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.